சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல்

நெடுவழிச் சைக்கிள் – 7

பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களின் கணக்கைப் போன வாரம் சொல்லி நிறுத்தினேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. கூடவே வேனில் வந்து தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. பஞ்சரானால் நாமே கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும், பசித்தால் நாமே கடை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கிற சைக்கிள் எது? கடைக்குப் போவதற்கு முன்னால் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். திண்டிவனம்–திருவண்ணாமலை நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த சமயம். லாரிகள் கிளப்பும் புழுதி தாங்காமல், செஞ்சி தாண்டியதும் பக்கத்துக் கிராம ரோட்டில் திரும்பிவிட்டேன். முதல் இரண்டு கிலோமீட்டர் புதுத் தார். சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்புறம் தார் பெயர்ந்து ஜல்லி தெரிய ஆரம்பித்தது. ஊருக்குள் சிமெண்ட் ரோடு, பத்தடிக்கு ஒரு வெடிப்பு. ஊர் முடிந்ததும் ஏரிக்கரை மேல் செம்மண். கரையை விட்டு இறங்கினால் மறுபடி தார் ரோடுதான், ஆனால் தார் கண்ணில் படவில்லை. கொள்ளுச் செடிகளைப் பிடுங்கி வந்து ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். அறுவடை நாளில் வட மாவட்டத்து ரோடெல்லாம் களம்தான்.

என்னிடம் அப்போது இருந்தது பந்தய சைக்கிள். டயர் 23 மில்லிமீட்டர். கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் அகலம். கொள்ளுச் செடிமேல் பத்தடி போவதற்குள் முன்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியது. ஒரு கொடி பின்பக்கப் பல்சக்கரத்தில் ஏறிச் செயினோடு சுற்றிக்கொண்டு பெடல் சிக்கி நின்றது. முறத்தோடு ஓரமாக நின்றிருந்த ஆயா பக்கத்தில் வந்தார்.

“எறங்கித் தள்ளிக்கினு போ தம்பி. லாரியே இதும்மேல மெதுவாத்தான் போவுது.”

“கொடி மாட்டிக்கிச்சு ஆயா.”

“நீ சக்கரத்தத் தூக்கிப் புடி. நான் இழுக்கறேன்.”

நகத்தால் நிமிண்டி நிமிண்டி, ஒவ்வொரு நாராக, செயினுக்கும் பல்லுக்கும் இடையிலிருந்து அவர்தான் எடுத்துப்போட்டார். விரலெல்லாம் கிரீஸ். அதை ஒரு பிடி கொள்ளுச் சருகில் துடைத்துக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை. ஒரு குழியின் ஜல்லி விளிம்பில் பின்சக்கரம் ‘டங்’கென்று இடித்தது. கழற்றிப் பார்த்தால் டியூபில் இரண்டு சின்னக் கீறல்கள், பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்த தடம் மாதிரி. முள் குத்தினால் ஒரு ஓட்டை விழும். இப்படி இரட்டைக் கீறல் விழுந்தால், டயர் நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக் கிள்ளுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். டயர் ஒல்லியாக இருந்தால் இதுதான் நடக்கும். மாற்று டியூபை மாட்டி, கைப்பம்பால் தோள் வலிக்க அடித்தேன். ஒல்லி டயருக்கு நூறு பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். என் பம்பு அறுபதோடு மூச்சை விட்டுவிட்டது.

நாலு ரோடு கூடும் இடத்தில் புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கம்பிரசரே வைத்திருந்தார். வால்வைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. “இன்னா சார், வால்வு ஊசி மாதிரி கீது? என் நாசில் இதுல உக்காராதே.” அவரிடம் பழைய சைக்கிள் வால்டியூபுக்கு ஏற்பாடு இருந்தது, மோட்டார் சைக்கிள் வால்வுக்கும் இருந்தது. பந்தய சைக்கிளில் வருகிற பிரெஸ்டா வால்வுக்கு மட்டும் இல்லை. அறுபது பி.எஸ்.ஐ. காற்றோடு, ஒவ்வொரு பள்ளத்திலும் சீட்டை விட்டு எழுந்து எழுந்து, திருவண்ணாமலை வரைக்கும் ஊர்ந்து போனேன்.

மறுநாள் மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ரசம் சோற்றைப் பிசைகிறேன். மூன்று விரலுக்குச் சூடு தெரிகிறது, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் தெரியவில்லை. இரண்டும் மரத்துப்போயிருந்தன. மணிக்கட்டின் வெளி ஓரமாக உள்ளங்கைக்குள் நுழையும் அல்நார் நரம்பு, நாள் முழுக்க ஹேண்டில்பாரில் நசுங்கி அதிர்ந்ததால் வந்த மரமரப்பு என்று டாக்டர் சொன்னார். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த உபாதைதான். முழுசாகச் சரியாக மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில்தான் டயரைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

இப்போது கடைக்கு வருவோம். போன மாதம் அக்கா மகன் கூப்பிட்டான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, கையில் ஒரு மொபெட் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறான், நல்ல ரோடு பைக் வாங்க வேண்டும். “மாமா, நீங்க வந்து பாருங்க. கார்பன் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பழசுதான், ஆனா ஒத்தை விரல்ல தூக்கலாம்.”

சைக்கிள் கடைக்குள் வருகிற எல்லோரும் முதலில் செய்வது இதுதான். நடுக்கம்பியில் விரலை மாட்டித் தூக்கிப் பார்ப்பது. எடை கையில் தெரிகிறது, அதனால் அதை நம்புகிறோம். நான் முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் ஃபோர்க்கின் கவட்டைக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நகம் மட்டும்தான் போயிற்று. “இது வேண்டாம்டா” என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

ஏன் வேண்டாம் என்று அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டுகிறவரும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். பின்சக்கரத்தின் மேல் அதில் சுமார் 50 கிலோ உட்காரும், அதாவது 110 பவுண்டு. டயரில் 110 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு, காற்றழுத்தம் இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்கத் தரையில் பதிய வேண்டிய இடம் ஒரு சதுர அங்குலம். பழைய பெரிய ஒரு ரூபாய் நாணயம் வைக்கும் அளவு இடம். காற்றை 55 பி.எஸ்.ஐ. ஆக்கினால் இரண்டு சதுர அங்குலம் பதியும். மணலிலும் சருகிலும் சக்கரம் பிடித்து நிற்பது இந்தப் பதிவினால்தான். ஆனால் 23 மில்லிமீட்டர் டயரில் 55 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும், ரிம் தரையில் இடிக்கும். 32 மில்லிமீட்டர் டயரில் அதே காற்றைத் தைரியமாக வைக்கலாம். அகலம் கூடுவது ஒன்பது மில்லிமீட்டர்தான். குழாயின் கொள்ளளவு அகலத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், உள்ளே அடைபடும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் காற்றுதான் நம்முடைய ஸ்பிரிங்.

“அகலமா இருந்தா ஸ்லோவா போகாதா மாமா?” என்று கேட்டான். பல வருடம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஒரு சோதனை முறை. வழவழப்பான இரும்பு உருளையின் மேல் டயரை ஓடவிட்டு அளந்தால், காற்று கூடக் கூட டயர் சுலபமாக உருளும். உருளையில் ஜல்லி கிடையாது, ஓட்டுகிறவரின் உடம்பும் கிடையாது. சியாட்டிலிலிருந்து யான் ஹைனே நடத்திய ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ என்ற பத்திரிகை, டயரை நிஜ ரோட்டில், நிஜ மனிதரை ஏற்றி ஓடவிட்டு அளந்தது. தூங்கிவிடும் ஓட்டுநரை எழுப்ப நெடுஞ்சாலை ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் போட்டிருப்பார்களே, அதன் மேலும் ஓட்டிப் பார்த்தார்கள். அதிர்வு தூக்கிப்போடும்போது தசையும் வயிறும் குலுங்கி, மிதித்த சக்தியின் பெரும்பங்கு உடம்புக்குள்ளேயே சூடாகக் கரைந்துவிடுகிறது. கல் டயரைத் தூக்காமல் டயருக்குள் அமிழ்ந்துவிட்டால் அந்தச் சக்தி மிச்சம். மென்மையான பக்கச்சுவர் கொண்ட அகல டயர், கரடான ரோட்டில் ஒல்லி டயரை முந்தியது. நல்ல ரோட்டிலும் பெரிதாகப் பின்தங்கவில்லை. பந்தயக்காரர்களும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 23 மில்லிமீட்டரில் சத்தியம் செய்தவர்கள் இன்று 28, 30 என்று ஓட்டுகிறார்கள். 1896-இலிருந்து நடந்துவரும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், கல் பாவிய ரோடு மட்டும் சுமார் 55 கிலோமீட்டர் வரும். அங்கே இன்னும் அகலம்.

இதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார் என்பதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. பிரான்சின் சேந்த்-எத்தியென் ஊரில் பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார். 1853-இல் பிறந்தவர். 1887-இல் ‘லெ சிக்லிஸ்த்’ என்ற பத்திரிகையை ஆரம்பித்து, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதினார். ஊரைச் சுற்றி மலை. மலைக்குப் பல கியர் வேண்டும், கரட்டு ரோட்டுக்கு அகல டயர் வேண்டும் என்று தானே ஓட்டிப் பார்த்து, 1930-இல் இறக்கும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். அதே காலத்தில் டூர் தெ பிரான்சை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே பிடிக்காது. வீரனுக்குக் கால் போதும் என்பது அவர் கட்சி. 1903-இல் ஆரம்பித்த அந்தப் பந்தயத்தில், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லர் கியரை அனுமதித்தது 1937-இல்தான். உலகம் பந்தயத்தைப் பார்த்துச் சைக்கிள் வாங்கியது. பயணம் போகிறவருக்கு எது தேவை என்று எழுதியவரின் பத்திரிகையை மலையேறும் சிறு கூட்டம் மட்டும் படித்தது.

நீண்ட பயணத்தின் முடிவை டயர் தீர்மானித்தது பிரெவேக்களின் தாய்வீடான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் முதல் தடவையிலேயே தெரிந்தது. டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்தது 1888-இல், பெல்ஃபாஸ்டில். மூன்றே வருடத்தில், 1891-இல், ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழ் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தை அறிவித்தது. டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடும் காலம் அது. மிஷ்லின் சகோதரர்கள், கழற்றிப் பஞ்சர் பார்த்து மாட்டக்கூடிய டயரைச் செய்து ஷார்ல் தெர்ரோனுக்குக் கொடுத்தார்கள். தூங்காமல் ஓட்டி 71 மணி நேரத்துக்குச் சற்று மேலாக முதலில் வந்தவர் அவர்தான். ரோட்டோரத்தில் உட்கார்ந்து தானே சரிசெய்துகொள்ள முடிவதுதான் இன்றுவரை நெடுவழிச் சைக்கிளின் முதல் தகுதி.

நம் வீட்டுத் திண்ணையில் நின்ற சைக்கிளையும் நினைத்துக்கொள்கிறேன். அப்பா ஓட்டியது ஹெர்குலிஸ். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தது. டயரின் பக்கவாட்டில் 28 × 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். நெல்மூட்டை, பால் கேன், பின்னால் அம்மா, பாரில் நான் என்று எல்லா பாரத்தோடும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் போய்வந்த டயர் அது. இன்றைக்கு ‘கிராவல் பைக்’ என்று புதிதாக விற்கும் சைக்கிள்களில் வருவதும் ஏறக்குறைய அதே அகலம்தான். எடையைக் குறைத்து, கியர் சேர்த்து, பிரேக்கை மாற்றியிருக்கிறார்கள். நம் ரோட்டுக்கு ஏற்ற டயர் எது என்று அப்பா காலத்துச் சைக்கிளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே கடையில் முதல் வேலை இடைவெளி பார்ப்பது. டயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இடைவெளியை யாராலும் கூட்ட முடியாது, அது ஃபிரேம் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். ஃபோர்க்கின் கவட்டைக்கு அடியில் ஒன்று. சீட் கம்பிக்குப் பின்னால், பின்டயர் மேலே போகும் குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒன்று. பெடல் அச்சுக்குப் பின்னால், செயின் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒன்று. மூன்றாவது இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், இறுக்கமாக இருப்பதும் பெரும்பாலும் அதுதான். கடையில் 28 மில்லிமீட்டர் டயரோடு நிற்கும் சைக்கிளில், மேலே சுண்டுவிரலும் பக்கவாட்டில் ஒரு பென்சிலும் தாராளமாக நுழைந்தால் 32 நிச்சயம் போகும். மட்கார்டும் மாட்டுவதாக இருந்தால் அதற்கும் சேர்த்து இடம் வேண்டும். நான் தேடச் சொல்வது 35 வரை இடம் கொடுக்கும் ஃபிரேம். அதில் தார் ரோட்டு நாளுக்கு 30, கலவையான ரோட்டுக்கு 35 என்று மாற்றிக்கொள்ளலாம். 40-க்கு மேல் இடம் தரும் சைக்கிள்கள் காட்டு வழிக்குச் சரி. நாள் முழுக்கத் தார் ரோட்டில் போகிறவருக்கு அந்த டயரும் அதற்கேற்ற ஃபிரேமும் பாரம்தான்.

கரிசல் மண்ணில் ஓட்டியவர்களுக்கு இந்த இடைவெளியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஒரு மழை பெய்துவிட்டால் மண் வெல்லப்பாகு மாதிரி டயரில் ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படலம் சேர்ந்து, ஃபோர்க்கில் அடைத்து, கடைசியில் சக்கரம் சுழலாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இடைவெளி பார்த்தாலே பிரேக் பாதி முடிவாகிவிடும். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய ரகப் பந்தயப் பிரேக்கின் வளைவுக்குள் 28-க்கு மேல் டயர் நுழைவது கடினம். டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் டயருக்கு வழிவிடுகிறது. மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடிக்கும். மலை இறக்கத்தில் அந்த ஒரு நொடி நெஞ்சைக் கவ்வும். டிஸ்க்கில் அந்தத் தாமதம் குறைவு. ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் ஒரு விரலுக்கு அடங்கும், நல்ல சாதனம். ஆனாலும் நம் ஊர்ப் பயணத்துக்கு நான் கேபிள் டிஸ்க்கைத்தான் சொல்வேன். கேபிள் அறுந்தால் எந்தச் சின்ன ஊரிலும் ஒரு கேபிள் கிடைக்கும், பத்து நிமிடத்தில் நாமே கோத்துவிடலாம்.

கியருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பந்தயக் கியரில் மிகச் சுலபமானது, முன்னால் 39 பல், பின்னால் 25. அதில் ஒரு மிதிக்குச் சைக்கிள் 3.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். பயிற்சி எடுத்த பந்தயக்காரர் அந்த மலையில் அப்படிப் போவார். மூட்டையோடு போகும் நாம் எட்டுக்கே திணறுவோம். அப்போது மிதி நிமிடத்துக்கு நாற்பதாகக் குறைந்து, மூட்டு ஒவ்வொரு மிதியிலும் சுமை தூக்கும். முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் ஒரு மிதிக்கு 2.15 மீட்டர்தான். மணிக்கு எட்டுக்கும் கீழே போனாலும் கால் 60 மிதியில் சீராகச் சுழலும். ஆகவே முன்னால் 50/34, பின்னால் 11-இலிருந்து 34 என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். 46/30 கிடைத்தால் இன்னும் நல்லது. மேல் கியர் குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. மூட்டையோடு மணிக்கு 45 கிலோமீட்டரில் இறங்கும்போது மிதிக்காமல் பிரேக்கில் கைவைத்துக்கொண்டிருப்போம்.

என் விரல்கள் மரத்துப்போனதற்கு டயர் பாதிக் காரணம். மீதி, ஹேண்டில்பார் இருந்த உயரம். பந்தய சைக்கிளில் அது சீட்டைவிடத் தாழ்ந்து, முன்னால் தள்ளி இருக்கும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கிவிடும். ‘எண்டியூரன்ஸ்’ என்ற பெயரில் விற்கும் ஃபிரேம்களில் முன்பக்கக் குழாய் உயரம், எட்டும் தூரம் குறைவு. சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் சற்று அதிகம் என்பதால் ஜல்லியில் தடம் மாறாமல் போகும். தூரப் பயணத்துக்கு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைத்தான் சிபாரிசு செய்வேன். காற்றை எதிர்த்துக் குனிய முடிகிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், கைவைக்க நாலைந்து இடம் இருக்கிறது. கால்மணிக்கு ஒருதரம் பிடியை மாற்றினால் நரம்புக்கு ஓய்வு. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. கேட்டால் ஒரு மணி நேரம் கொடுக்கும் கடைகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஃபிரேம் எதனால் ஆனது என்ற விவாதத்தில் மணிக்கணக்காக உட்காரலாம். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. நல்ல அலுமினியம், நல்ல ஸ்டீல், இரண்டுமே பல வருடம் உழைக்கும். ஒரே அளவு டயர் போட்ட இரண்டு சைக்கிளில் ஃபிரேமின் மென்மை வித்தியாசம் கைக்குத் தெரிவதைவிட, டயரில் பத்து பி.எஸ்.ஐ. குறைத்தால் அதிகம் தெரியும். அக்கா மகன் விரும்பிய கார்பன், அலுமினியத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. ஆளோடு சேர்த்து 80 கிலோ என்றால் அது நூற்றில் இரண்டு பங்கு. ஒரு மணி நேர மலை ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமாகும். அந்த ஒரு நிமிடத்தை ஒரே ஒரு பஞ்சர் தின்றுவிடும்.

அதற்குப் பதிலாகச் சின்னத் திருகு ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியருக்கு, ஃபோர்க்கில் மட்கார்டுக்கு, ஃபிரேமில் மூன்றாவது பாட்டிலுக்கு. பங்குனி வெயிலில் இரண்டு பாட்டில் போதவே போதாது. சக்கரத்தில் போக்ஸ் கம்பி 32 இருந்தால் எனக்கு நிம்மதி. ஒன்று அறுந்தாலும் ரிம் ரொம்பக் கோணாது, கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இன்னும் இருக்கிறார்கள். கம்பி குறைந்த பகட்டுச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால், பிரேக்கையோ ஃபிரேமையோ உரசிக்கொண்டு நிற்கும்.

சீமைக்கருவேல முள்ளுக்கு என்ன செய்வது என்று தென்மாவட்ட நண்பர்கள் கேட்பார்கள். டியூப் இல்லாத டயரில் சீலண்ட் பால் ஊற்றினால் முள் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். பையில் ஒரு டியூப் எப்படியும் இருக்கட்டும்.

மொபெட் விலைக்குச் சைக்கிள் வாங்க எல்லோராலும் முடியாது. அதில் பாதிக்கும் குறைவாக ஹைப்ரிட் கிடைக்கிறது. நேரான ஹேண்டில்பார், 35-இலிருந்து 40 வரை டயர், நல்ல கியர். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கொம்புப் பிடி மாட்டிக்கொண்டால் கைவைக்க இன்னொரு இடம் கிடைக்கும். அதில் 300 கிலோமீட்டர் பிரெவே முடித்தவர்களோடு ஓட்டியிருக்கிறேன். முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த மலிவு எம்.டி.பி.யை, அதாவது மலைச் சைக்கிளை, மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த ஃபோர்க் கனம், ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் சக்தியெல்லாம் ஸ்பிரிங்கை அமுக்குவதில் போய்விடும்.

அக்கா மகன் கடைசியில் எடுத்தது அலுமினிய எண்டியூரன்ஸ் ரகம். கார்பன் ஃபோர்க், கேபிள் டிஸ்க், 50/34, பின்னால் 34 பல் வரை. கடையில் 28 டயரோடு நின்றது. சுண்டுவிரலைத் தானே விட்டுப் பார்த்து, பென்சிலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பின்பக்கமும் விட்டுப் பார்த்தான். அங்கேயே 32 மாட்டச் சொன்னோம். கடைப் பையன் வழக்கம்போல் நூறு வரை அடிக்கப் போனான். டயரின் பக்கச்சுவரில் போட்டிருக்கும் எண் உச்ச அளவு, அதற்கு மேல் போகக் கூடாது, அதுவரைக்கும் அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அக்கா மகன் எடை 62 கிலோ. முன்னால் 50, பின்னால் 58 வைக்கச் சொன்னேன்.

பில் போட்டுவிட்டு வெளியே வந்தோம். தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி ஜல்லியால் மூடியிருந்தார்கள். அதன் மேல் இரண்டு தடவை போய்த் திரும்பினான்.

புளியமரத்தடிப் பஞ்சர் கடையிலிருந்து வந்த வாரமே, ஒரு டீ, வடை விலைக்கு, பித்தளையில் செய்த சின்ன அடாப்டர் ஒன்று வாங்கியிருந்தேன். பிரெஸ்டா வால்வின் மேல் திருகினால் மோட்டார் சைக்கிள் நாசில் உட்காரும். வீட்டுச் சாவியோடு கோத்து இத்தனை வருடமும் வைத்திருந்தேன். அதைக் கழற்றி அவன் பின்சக்கர வால்வில் திருகினேன். முனையில் நாலு கடை தள்ளி ஒரு பஞ்சர் கடை. தள்ளிக்கொண்டு போனோம்.

“அண்ணே, இதுல காத்து ஏறுதான்னு பாருங்க” என்றான்.

அவர் நாசிலை வைத்து அழுத்தினார். ஏறியது.

(தொடரும்)